அலொட்மென்றில் முதன்முறையாக ரொட்டவேற்றரை இயக்கப் போகிறவருக்கு

கேள்வி: "லண்டனில் பல வருடங்கள் காத்திருந்து ஓர் அலொட்மென்ற் துண்டு, அதாவது பொதுத் தோட்டத்தில் வாடகைக்குத் தரும் சிறு காணி, கிடைத்திருக்கிறது. இரண்டு வருடங்களாக எவரும் கைவைக்காத நிலம். தோட்டச் சங்கத்திடம் இருக்கும், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றரை இரவல் வாங்கி, வருகிற வார இறுதியில் உழுதுவிடலாம் என்று சொல்கிறார்கள். அந்த இயந்திரத்தை நான் இதுவரை தொட்டதில்லை. இரண்டு பக்கமும் பிறருடைய துண்டுகள். ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது?"

வடமேற்கு லண்டனில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு துண்டைச் செய்து வருகிறேன். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்து உரும்பிராயில், அப்பாவின் செம்மண் தோட்டத்தில், லாண்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நடந்து பழகியவன். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும் என்று நம்பினேன். ஆனால் அது எனக்குத் தந்தது பெரும்பாலும் தவறான துணிச்சலையே. ஊரில் உழும்போது வயலில் நாங்கள் மட்டுமே நிற்போம். அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது அப்பாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் தெரியும். அலொட்மென்றில் உங்களுக்கு முன்னர் எத்தனை பேர் அந்தத் துண்டை வைத்திருந்தார்கள், அவர்கள் எதைப் புதைத்தார்கள், எதைக் கைவிட்டுப் போனார்கள் என்பதை யாரும் சொல்லப் போவதில்லை. இங்குள்ள பழைய கணக்கில் ஒரு முழுத் துண்டு என்பது 10 றொட். இந்தப் பழைய ஆங்கில நில அளவான றொட்டும் நம் ஊர்ப் பேர்ச்சும் ஒரே அளவு என்பதால், அது யாழ்ப்பாணத்து ஒரு பரப்புக் காணிக்குச் சமம். ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இப்போது பல இடங்களில் அதிலும் பாதியைத்தான் தருகிறார்கள். அவ்வளவு சிறிய இடத்தில், இரண்டடி அகலப் பாதைக்கு அப்பால் இன்னொருவர் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கும் வேளையில் இந்த இயந்திரம் ஓடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே நான் எழுதும் மற்ற எல்லாவற்றையும் வாசியுங்கள்.

முதலில் என் நேரடியான பதில்: இந்த வார இறுதியில் இயந்திரத்தை எடுக்காதீர்கள். இரண்டு வருடங்கள் கிடந்த நிலத்தில் உங்கள் முதல் இரண்டு வார இறுதிகளும் கைவேலைக்கு உரியவை. புல்லையும் முட்செடியையும் நிலமட்டத்துக்கு வெட்டி அகற்றிய பின்னர், நான்கு பல் கொண்ட தோட்ட முள்ளை எடுத்து, ஓரடிக்கு ஒருமுறை மண்ணில் குத்திக்கொண்டே துண்டு முழுவதையும் நடந்து முடியுங்கள். கல்லில் படும்போது ஓர் ஓசை, இரும்பில் படும்போது வேறோர் ஓசை, துணியிலோ பிளாஸ்ரிக்கிலோ படும்போது முள் இறங்காமல் மெத்தென்று தள்ளும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். நான் என் துண்டிலிருந்து எடுத்தவற்றுள் உடைந்த கண்ணாடி, கட்டிற் சுருள்கம்பி, கூடாரம் அடிக்கும் ஆணி, பறவை வலை ஆகியவை இருந்தன. எல்லாவற்றிலும் மோசமானது பழைய தரைவிரிப்பு. களை முளைக்காமலிருக்க நிலத்தின் மேல் விரிப்புகளைப் போட்டு மூடுவது இந்த நாட்டுத் தோட்டக்காரர் பலருடைய வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளில் அதன் மேல் மண் படிந்து, புல் ஊடுருவி, விரிப்பு இருப்பதே தெரியாமல் போய்விடும்.

விரிப்பு ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இயந்திரத்தின் அமைப்பையே பார்க்க வேண்டும். ஆதர் கிளிஃபோட் ஹவர்ட் என்ற அவுஸ்திரேலியர் 1912ஆம் ஆண்டில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்கண்ட்ராவில், தந்தையாரின் பண்ணையில் சுழல் உழவைப் பரிசோதிக்கத் தொடங்கினார். மண்ணை இறுக்காமல் கிளறித்தருவதற்கு அவர் கண்ட வடிவம் 'ட' எழுத்தைப் போல வளைந்த கத்தி. அவர் 1938இல் இங்கிலாந்துக்கு வந்து எசெக்ஸில் தொழிற்சாலை அமைத்த காலத்திலிருந்து அந்த வடிவமே பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. மண்ணைக் கொத்திப் புரட்டும் அதே வளைவு, துணியையும் கம்பியையும் வலையையும் கொக்கியைப் போலப் பிடித்து இழுக்கும். என் இரண்டாவது ஆண்டில், சுத்தம் செய்துவிட்டேன் என்று நம்பிய ஒரு மூலையில் விரிப்பின் ஓரம் ஒன்று கத்தியில் சிக்கியது. ஒரு கணத்தில் அது தண்டைச் சுற்றி இறுகிக்கொள்ள, கைப்பிடி என் விலாவில் இடித்தது. மூன்று வாரங்கள் நிமிர்ந்து மூச்செடுக்க முடியவில்லை.

சிக்கியதை எடுக்கும் வேலைதான் உழுவதைவிட அதிகக் கவனம் கேட்பது. எஞ்சினை நிறுத்துங்கள், கத்திகள் முற்றாக நிற்கும்வரை காத்திருங்கள், பின்னர் ஸ்பாக் பிளக்கின் மேலுள்ள வயரைக் கழற்றி ஒரு பக்கமாக வையுங்கள். அந்த வயர் மாட்டியிருக்கும்வரை, கத்தியைக் கையால் சுழற்றும்போது எஞ்சின் ஒருமுறை உதைத்துக் கிளம்பக்கூடும். மின்கலத்தில் ஓடும் இயந்திரமானால் மின்கலத்தையே கழற்றிவிட வேண்டும். தடித்த தோற்கையுறையும் கண்ணாடியும் அணிந்த பின்னரே தொடுங்கள், ஏனென்றால் இறுகச் சுற்றிய கம்பியை வெட்டும்போது அது முகத்தை நோக்கித் தெறிக்கும்.

இனி இயந்திரத்தின் வகை. சங்கங்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் இரண்டு விதம். சிறியதில் கத்திகள் எஞ்சினுக்குக் கீழே இருக்கும். சக்கரத்துக்கு விசை கிடையாது, மண்ணைக் கொத்தும் கத்திகளே இயந்திரத்தையும் முன்னே இழுத்துச் செல்லும். பெரியதில் சக்கரங்கள் ஓட்ட, கத்திகள் பின்னால், உங்கள் கால்களுக்கு அருகில் சுழலும். சிறியதுதான் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். லண்டனின் களிமண் வறண்டு இறுகியிருக்கும்போது அந்த எண்ணம் பொய்த்துவிடும். கத்திகள் மண்ணில் இறங்காமல் அதன் மேலேயே சக்கரங்களைப் போல ஓட, இயந்திரம் ஆளையும் இழுத்துக்கொண்டு பாயும். பின்னால் நிலத்தைக் கீறிக்கொண்டு வரும் இரும்புத் தண்டைக் கவனியுங்கள். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் அந்தத் தண்டு மண்ணில் ஊன்றி வேகத்தைத் தடுக்கும், கத்தி ஆழமாக இறங்கும். அழுத்தத்தை விட்டால் இயந்திரம் முன்னே நகரும். முதல் நடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கேட்காதீர்கள். மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள்: பசைபோல ஒட்டினால் அன்று உழ வேண்டாம், காலும் வழுக்கும், மண்ணும் பாளமாகிவிடும், உருண்டு, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுதான் நாள்.

கைப்பிடியில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு நெம்பு இருக்கும். கையை விட்டால் கத்திகள் நின்றுவிட வேண்டும். உழத் தொடங்குவதற்கு முன்னர் அதை வெறும் நிலத்தில் சோதியுங்கள். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் இயந்திரத்தில், கை வலிக்கிறது என்று யாராவது அந்த நெம்பைக் கயிற்றாலோ ஒட்டுநாடாவாலோ கட்டிவைத்திருப்பார்கள். அப்படிக் கண்டால் அதை அவிழ்த்துவிட்டு, அடுத்தவரும் அறியும்படி பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அந்த நெம்பே இல்லாத பழைய இயந்திரத்தை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பின்னோக்கி எடுப்பதே எல்லாவற்றிலும் கொடியது. வேலிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அகப்பட்டால், அல்லது பின்னே அடிவைக்கும்போது கட்டியில் தடுக்கி விழுந்தால், சுழலும் கத்தி உங்கள் காலின் மேல் ஏறும். ஆகவே வேலியோரமாகவும் அயலவரின் எல்லையோரமாகவும் இரண்டடியை உழாமலே விட்டுவிடுங்கள். வரிசையின் முடிவில் கத்திகளை நிறுத்தி, இயந்திரத்தை முன்னோக்கியே வளைத்துத் திருப்பத் தேவையான இடத்தைத் தொடக்கத்திலேயே கணித்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றி நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரத்தோடும் செருப்போடும் உழுபவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குப் பின் வந்த ஒரு குளிர்நாளில், தொங்கும் சால்வையோடு ஓர் அம்மா கைப்பிடியைப் பிடித்ததையும் கண்டு ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன். முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த சப்பாத்து, கணுக்காலில் இறுகிய நீளக் காற்சட்டை, தொங்காத மேலுடை, கண்ணாடி, காதுக் கவசம் ஆகிய ஐந்தும் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். ஏற்புவலித் (ரெற்றனஸ்) தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுக் கவசம் தேவையானதுதான், ஆனால் பொதுத் தோட்டத்தில் அதற்கு ஒரு விலை உண்டு: பின்னால் வருபவர் உங்களுக்குக் கேட்கமாட்டார். ஒருமுறை அயல் துண்டுக்காரர், நல்ல மனிதர், தேநீர் குடிக்க அழைப்பதற்காகப் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கைப்பிடியும் என்னோடு திரும்பியது. திடுக்கிடும்போது மனிதனின் கை விடுபடுவதில்லை, இன்னும் இறுகவே செய்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நெம்பை நான் விடவில்லை. கத்தி அவருடைய சப்பாத்தின் தோலைக் கிழித்த பிறகே நின்றது. அவருடைய கால் தப்பியது. அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது ஒருவர் காவலுக்கு நிற்பார், அவருக்கு வேறு வேலை கிடையாது. யாராவது பேச வேண்டுமானால் உழுபவரின் முகத்துக்கு நேரே, பத்து அடிகள் தள்ளி நின்று கையை உயர்த்த வேண்டும். பின்னாலிருந்து எவரும் நெருங்கக் கூடாது. பிள்ளைகளை அழைத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழுவதில்லை. முந்தைய நாளே இரண்டு பக்கத்து அயலவருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். இவற்றை உங்கள் சங்கத்தில் யாரும் எழுதிவைக்காவிட்டால், நீங்களே கேட்டுப் பேசித் தொடங்கிவையுங்கள். புதியவர் கேட்பதை எவரும் தவறாக எடுப்பதில்லை.

பெற்றோலைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பின்னர் ஊற்றுங்கள். பொலித்தீன் கூடாரத்துக்குள்ளோ கொட்டிலுக்குள்ளோ எஞ்சினை ஓடவிட வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திக் கைகளைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும், மரத்த விரலுக்கு நெம்பின் நிலை தெரியாது. ஏற்கெனவே குளிரில் விரல் வெளிறும் உபாதை உள்ளவர் இந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

அயலவருக்குச் செய்யக்கூடிய தீங்கு காயம் மட்டுமல்ல. கைவிட்ட துண்டில் கவுச் புல்லும் பைன்ட்வீட் கொடியும் நிச்சயம் இருக்கும். நம் ஊர்க் கோரைப்புல்லைக் கொத்திவிட்டால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கும்: கத்தி வேரைப் பத்துத் துண்டாக்கினால் பத்துச் செடி முளைக்கும், அடுத்த கோடையில் எல்லை தாண்டும். ஆகையால் வெள்ளைக் கயிறு போன்ற வேர்கள் செறிந்த பகுதியை உழாமல் முள்ளால் கிளறி எடுங்கள். இயலாவிட்டால் ஒரு பருவம் முழுவதும் கறுப்புத் தாளால் மூடிவையுங்கள். மூங்கிலைப் போல உள்ளே வெறுமையாய், ஊதாப் புள்ளிகளோடு ஒரு தண்டைக் கண்டால் அது ஜப்பானிய நொட்வீட்டாக இருக்கலாம். அதன் வேர்த்தண்டின் சிறு துணுக்கும் முளைக்கும் என்பதால் அந்தப் பகுதியைத் தொடாமல் உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள். பழைய குப்பைமேட்டின் கீழ், பளபளப்பான வெண்கல நிறத்தில் பாம்பைப் போன்ற ஓர் உயிர் கிடக்கலாம். நம்மவர் உடனே தடியைத் தேடுவார்கள். அது ஸ்லோ வேர்ம் எனப்படும் காலில்லாப் பல்லி; கடித்து நஞ்சூட்டாது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் தடைசெய்கிறது. மேட்டைக் கையால் கலைத்து, அது ஊர்ந்து போக நேரம் கொடுத்த பின்னரே அந்த இடத்தில் இயந்திரத்தை இறக்குங்கள்.

பொறுப்பாளரிடம் மூன்று விடயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்க் குழாய் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் போகிறது; சங்கத்தின் காப்புறுதி உங்களையும் உங்களுக்கு உதவ வரும் நண்பரையும் உள்ளடக்குகிறதா; முதல் தடவை அனுபவமுள்ள ஒருவர் கூட நின்று காட்டித்தருவாரா. மூன்றாவதற்கு ஆள் கிடைக்காவிட்டால், ஆள் கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள், நிலம் ஓடிப்போகாது.

உழுது முடித்ததும் கத்திகளில் ஒட்டிய மண்ணைக் கழுவித் துடைத்து, தளர்ந்த ஆணி ஏதும் உண்டா என்று பார்த்து, கண்ட குறையைப் பதிவுப் புத்தகத்தில் திகதியோடு எழுதிவையுங்கள். உங்களுக்கு அடுத்து அதை எடுப்பவரும் உங்களைப் போலவே முதன்முறைக்காரராக இருக்கக்கூடும். வேலியோரம் விட்ட அந்த இரண்டடிப் பட்டையை அடுத்த நாள் ஆறுதலாக முள்ளால் கொத்துங்கள். மே மாதம் பிறந்து மண் சூடேறியதும் முதலில் அங்கே வெந்தயத்தைத் தூவுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் முதற்கீரை பறித்துவிடலாம்.