போங்கோல் (வேகத்தடை) போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்கிறாரா?

கேள்வி: கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். காலையில் எங்கள் லோரோங்கை (சிறு தெருவை) குறுக்கு வழியாக்கிக்கொண்டு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறக்கின்றன. தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. "உள்ளே எனக்கு ஆள் தெரியும், வீட்டுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுங்கள், மூன்று வாரத்தில் போங்கோல் போட்டுவிடலாம்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாநகர் மன்றத்திடம் புகார் கொடுக்க ஒரு காசும் வேண்டாம்.

அந்த ஆள் என்ன செய்வார் என்பது எனக்கு மனப்பாடம். எங்கோ மிஞ்சிய தாரை ஞாயிற்றுக்கிழமை லாரியில் கொண்டுவந்து தலையணை மாதிரி கொட்டி, மஞ்சள் சாயம் அடித்துவிட்டுப் போவார். முறையான வேகத்தடை கிட்டத்தட்ட 3.7 மீட்டர் நீளம், ஏறக்குறைய ஒரு காரின் நீளம். உயரம் 10 சென்டிமீட்டருக்குள். அதில் மெல்ல ஏறி மெல்ல இறங்கலாம். தலையணை மேட்டில் கார் குலுங்குவதோடு சரி. மழை இரவில் மோட்டாரில் வருகிறவர்தான் தூக்கி எறியப்படுவார். மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி பொதுச் சாலையில் இஷ்டத்துக்குத் தடை வைப்பது குற்றம். விழுந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டால், பணம் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். என் வேலைக்காலத்தில் ஒரே லோரோங்கில் இப்படி ஏழு மேடுகளை எண்ணியிருக்கிறேன். அவற்றைப் பெயர்த்தெடுத்த செலவில் ஒழுங்காக இரண்டு போட்டிருக்கலாம்.

சரி, அப்புறம் என்னதான் வழி? மனுவில் "போங்கோல் வேண்டும்" என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வேகமாக வருகிறார்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். பேருந்தும் தீயணைப்பு வண்டியும் போகும் வழியில் மேடு போடத் தயங்குவார்கள். அங்கே உயர்த்திய நடைக்கடவையோ, காலை நேரத்தில் லோரோங்குக்குள் வண்டிகள் திரும்பத் தடையோ போதும். பாதி லோரோங்குகளில் மூலையில் நிறுத்திய கார்களை அகற்றினாலே கடக்கும் பிள்ளை கண்ணில் படும்.

பொறியாளர்கள் வந்து வேகத்தை அளப்பார்கள். சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. நூறு வண்டிகளை வேகப்படி வரிசையாக வைத்தால் எண்பத்தைந்தாவது வண்டி என்ன வேகத்தில் போனது என்பதுதான் முக்கியக் கணக்கு. அடுத்து விபத்துப் பதிவு. அது போலீஸாரின் போல் 27 படிவத்தில் இருக்கிறது. இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் விழுந்து முட்டி தேய்ந்தது, யாரும் புகார் செய்யவில்லை என்றால், காகிதத்தில் உங்கள் லோரோங்தான் கோலாலம்பூரிலேயே பத்திரமான லோரோங். யாராவது அடிபட்டால்தான் வரிசையில் இடம் என்றால் அதற்குப் பெயர் திட்டமா?

அதனால் சின்ன மோதலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்யுங்கள். நூலிழையில் தப்பியவற்றை இரண்டு வாரம் நோட்டில் தேதி, நேரத்தோடு குறியுங்கள். குடியிருப்பாளர் சங்கக் கடிதத்தோடு அதை இணைத்து, டிபிகேஎல்லின் (மாநகர் மன்றத்தின்) அடுகேஎல் என்ற இணையப் புகார்த் தளத்தில் புகார் பதிந்து எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிரதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு. 1961இலிருந்து இந்த நகரத்தில் மாநகர் மன்றத் தேர்தலே கிடையாது. நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த லோரோங் யாருடையது என்று பாருங்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள் போகும் சாலை பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. அங்கே மாநகர் மன்றம் தன் பணத்தைப் போடாது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது: அதே தார், அதே மஞ்சள் கோடு. தெருவிளக்குக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகிறது என்றால் சாலையும் நிர்வாகக் குழுவின் பொறுப்பாகவே இருக்கும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. புதிய தாமானில் வீடுகளைக் கட்டிய மேம்பாட்டாளர் சாலையை மாநகர் மன்றத்திடம் இன்னும் ஒப்படைக்காமலும் இருக்கலாம். அப்போது அவரைத்தான் பிடிக்க வேண்டும். வளாகத்துக்குள் என்றால் குடியிருப்பவர்கள் பணத்தில் வேகத்தடை போடுவதில் தப்பில்லை. ஆனால் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, குழுவின் வங்கிக் கணக்கிலிருந்து, மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டு. வீடு வீடாக ரொக்கம் வாங்கி அல்ல.

அவர் மறுபடி வந்தால் மாநகர் மன்றத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வீடாவது ஏற்கெனவே 150 வெள்ளி கொடுத்திருந்தால், அதற்கும் சேர்த்துப் போலீஸ் புகார் செய்யுங்கள்.