காத்திருக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 20 வயது. சில மாதங்களாகக் கல்லூரிக்குப் போவதில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான். பக்கத்து வீட்டார் செல்போன் வழியாகத் தன்னை உளவு பார்ப்பதாகச் சொல்கிறான். நான் சமைத்ததில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறான். அறைக்குள் தனியாக யாருக்கோ பதில் சொல்கிறான். டாக்டரிடம் போகலாமா என்றால், “நான் என்ன பைத்தியமா?” என்று கத்துகிறான். வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்கிறார் அவன் அப்பா. காத்திருக்கலாமா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

காத்திருக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை மனச்சிதைவு நோயின் அடையாளங்களோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். போதைப்பொருளாலும் சில உடல்நோய்களாலும்கூட இப்படி நேரலாம்; கஞ்சாப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் வெளிப்படுகிறது. அதனால்தான் வயசுக் கோளாறு என்று வீடுகள் ஏமாந்துபோகின்றன. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வதும் கடினமாகும். உங்கள் வளர்ப்பினால் வந்ததில்லை இது.

அவன் கத்துவது பிடிவாதத்தால் அல்ல. தனக்கு நோய் இருப்பதை உணரவிடாமல் செய்வதும் இந்த நோயின் வேலைதான். யாரும் உளவு பார்க்கவில்லை என்று நிரூபிக்கப் போனால் நீங்களும் அவனுக்கு எதிராளி ஆவீர்கள். ஆமாம் என்று தலையாட்டினாலோ சந்தேகம் வேரூன்றும். ஆனால் அவனுடைய பயம் பொய்யில்லை. “இவ்வளவு பயத்தோடு எப்படித்தான் இருக்கிறாயோ! தூக்கமாவது வர டாக்டரைக் கேட்போம்” என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்துக்காக வரச் சம்மதிப்பவர்கள் உண்டு. வர மறுத்தால் நீங்களும் அவன் அப்பாவும் முதலில் போய், பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பாட்டைச் சந்தேகிக்கும் பிள்ளை அதைக் கண்டுபிடித்தால் பிறகு யாரை நம்புவான்?

ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற மருந்துகள் சில வாரங்களில் அவன் காதில் மட்டும் கேட்கும் குரல்களையும் சந்தேகத்தையும் பெரும்பாலும் தணிக்கும். உடல் எடை கூடலாம், தூக்கம் அழுத்தலாம், கைகால் விறைக்கலாம். அப்போது அளவையோ மருந்தையோ மருத்துவர் மாற்றுவார். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். தினமும் மாத்திரை விழுங்குவது சிரமமானால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. வீட்டில் திட்டும் குத்தலும் குறைவது மருந்துக்குப் பெரிய துணை. இதை அவன் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, குரல்கள் ஏதாவது செய்யச் சொல்வதாகக் கூறினாலோ, சாப்பாட்டை அறவே ஒதுக்கினாலோ, அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.