பழைய ஃபெராரிக்கு ஏன் அந்த விலை?

கேள்வி: ஏலத்துக்கு வரும் பழைய ஃபெராரி கார், புதிய காரைவிடப் பல மடங்கு விலைபோவது ஏன்? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: எல்லாப் பழைய ஃபெராரிக்கும் அந்த யோகம் இல்லை. 1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டுமே தயாரான ‘250 ஜிடிஓ’ என்ற ஃபெராரி மாடல், மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினுடன் பந்தயத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. அவற்றில் ஒன்று 2018ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில், ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து சுமார் 4.84 கோடி டாலருக்கு விற்பனையானது. இத்தகைய ஏலங்களில் பணம் போடுகிறவர்கள் வண்டியின் பளபளப்பைவிட, அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, எந்தெந்தப் பந்தயங்களில் ஓடியது, யார் யாரிடம் கைமாறியது என்பதற்கான ஆவணங்களையே துருவிப் பார்க்கிறார்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் மதிப்புக் கணிசமாகக் குறையும். புது பெயிண்ட் அதை ஈடுகட்டாது. பழைய கார்களை நேரில் காண விரும்பினால், கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் உங்களுக்குப் பக்கம்தானே!