பரணில் கிடைத்த தாத்தாவின் துப்பாக்கி

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் தோட்ட வீட்டுப் பரணில் கிடைத்த, குழல் வாயில் வெடிமருந்து கெட்டிக்கும் தாத்தாவின் துப்பாக்கி துருப்பிடிக்காமலிருக்க ஆண்டுக்கு எத்தனை முறை சுட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒருமுறைகூட வேண்டாம். சுட்டால் துரு கூடத்தான் செய்யும்: இதில் இடும் பழைய வகை வெடிமருந்தான கருமருந்து எரிந்தபின் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே எஞ்சுவதால், புகையாகப் போனது போக மிச்சம் குழலில் படிந்து நம்மூர் ஈரக்காற்றை உறிஞ்சும். அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிகளை விரும்பி அடிக்கடி சுடுவோர்கூட அன்று மாலையே வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம், உள்ளே பழைய மருந்து இன்னும் இருக்கக்கூடும். ஈரம் படாதிருந்தால் அது எத்தனை ஆண்டு கழித்தும் வெடிக்கும். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். தாத்தா பன்றி விரட்டிய கதையைக் காவலர் ரசிக்கலாம், உரிமமாக ஏற்கமாட்டார். ஆகவே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு செல்லாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, காவல் நிலையத்துக்கு இன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள்.