அட்டைப் படத்தை எப்படி ஸ்கேன் செய்வது, உரிமை யாருக்கு?

கேள்வி: நானே எழுதி, மெட்டமைத்துப் பாடுகிறேன். ஆல்பத்தின் அட்டைப் படமும் என் வாட்டர்கலர்தான். செல்போனில் படம் பிடித்து அனுப்பினால், பாடலை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் நிராகரித்துவிடுகிறார். ஏன்? (வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் அளவுதான் காரணம். சதுரமாக 3000 x 3000 பிக்சல், ஆர்.ஜி.பி. (திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறை) நிறம், ஜேபெக் கோப்பு என்று கொடுத்தால் முக்கியமான தளங்கள் எல்லாம் ஏற்கும். படத்தின் மேல் இணைய முகவரி, இன்ஸ்டா பெயர், க்யூ.ஆர். கோடு எதுவும் கூடாது. அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் தரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

செல்போனை விட்டுவிட்டு ஸ்கேனருக்கு மாறுங்கள். 20 செ.மீ. சதுர ஓவியத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்தால் சுமார் 2360 பிக்சல்தான் கிடைக்கும். அதை இழுத்துப் பெரிதாக்கினால் தூரிகைக் கோடுகள் குழைந்துவிடும். 600 டி.பி.ஐ. வைத்தால் 4700 பிக்சல் தாண்டும். நாளைக்கு 12 அங்குல எல்.பி. இசைத்தட்டு உறை அச்சிடவும் அதே கோப்பு போதும். மூலத்தைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, ஜேபெக்கை அதிலிருந்து எடுங்கள்.

சொரசொரப்பான, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான தாளில் இன்னொரு தொல்லை உண்டு. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்தே விழுவதால் தாளின் மேடுகள் பொடிப் பொடி நிழலாகப் பதியும். தாளை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் நேராக்கி ஒன்றின் மேல் ஒன்றாக 50 சதவீத ஒளிபுகும் அளவில் கலந்தால் நிழல் பெருமளவு அடங்கும். கெட்டியாக அப்பிய அக்ரிலிக்குக்கு ஸ்கேனர் ஒத்துவராது. இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே வகை விளக்குகளை வைத்து, கேமராவைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, ஜூம் செய்து எடுக்க வேண்டும். கிட்டே போனால் ஓரங்கள் வளையும்.

அச்சுக்குப் போகும்போது பளிச்சென்ற நீலமும் டர்காய்ஸும் மங்கும். அச்சு மை நிறமுறையான சி.எம்.ஒய்.கே.யில் அந்த நிறங்கள் இல்லை, அச்சகத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பிரதி சாம்பிள் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வேறொரு இசைக்குழு காசு கொடுத்து அட்டை வரைந்து தரச் சொல்கிறது. ஒப்பந்தம் அவசியமா? (வாசகர், மதுரை)

பதில்: அவசியம். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணத்துக்கு வரைந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால். பலர் நேர்மாறாக நினைத்து ஏமாறுகிறார்கள். "காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்த ஆல்பத்தின் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் அனுமதி, டி-ஷர்ட், போஸ்டருக்குத் தனிக் கட்டணம்" என்று தூரிகையைத் தொடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டர் பணம் அனுப்புகிறார். ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். வேறு எதற்கு? (வாசகர், கோவை)

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பங்கு. வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி தனி. அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். இரண்டும் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதத்தில் 1000 முறை ஒலிக்காவிட்டால் அந்தப் பதிவுக்குப் பணம் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள், புது எண் விழுந்தால் கேட்ட எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடக்கூடும்.