பெரிய சூப்பர் மார்க்கெட் உள்தெருவில் வரலாமா?

வணக்கம். அம்பத்தூரில் உங்கள் 20 அடித் தெருவுக்குள், பக்கத்து மனையில் பெரிய மளிகைக் கடை கட்டுகிறார்கள், தடுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த மனையின் சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் நிலப்பயன்பாட்டைப் பாருங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை என்றால் உங்கள் வாதம் வலுவானது. கலப்பு என்றால் 'கடையே கூடாது' என்று நின்று பயனில்லை. சாலை அகலம், வண்டி நிறுத்துமிடம், சரக்கு இறக்கும் இடம் இவற்றைப் பிடியுங்கள். அனுமதி வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான தொல்லை வாடிக்கையாளர்களால் வருவதில்லை, சரக்கு லாரியால்தான். விடியற்காலை பால் வண்டி, பிறகு காய்கறி, அரிசி மூட்டை என்று வரிசை கட்டும். 20 அடியில் ஒரு லாரி நின்றால் ஆம்புலன்ஸ் நுழைவதே சிரமம். மனுவில் இதை முதலில் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று, அந்தக் கடையைப் புறவழிச்சாலைக்குத் துரத்தச் சொல்லாதீர்கள். வண்டி ஓட்டாத பெரியவர்கள் எங்கே போவார்கள்? பேருந்து போகும் சாலையின் முனையில், நடந்து போகும் தூரத்தில் இருப்பதே சரி. ஜெர்மனியில் விற்பனைப் பரப்பு 800 சதுர மீட்டரைத் தாண்டினால் பொதுவாக நகர மையப் பகுதியிலோ அதற்கென ஒதுக்கிய இடத்திலோதான் கடை வைக்கலாம். உள்தெருவுக்கு அண்ணாச்சி கடை போதும்.