கலங்கிய பையைக் கொட்டாதீர்கள்: வயிற்று டயாலிசிஸ் கேள்வி-பதில்

வயிற்றிலிருந்து வடித்த டயாலிசிஸ் நீர்ப் பை கலங்கலாக வந்தது. வலி இல்லை. கொட்டிவிட்டேன். அடுத்த பை கொஞ்சம் தெளிவாக இருந்தது. பயப்பட வேண்டுமா? (சேலம்)

கொட்டியதற்குத்தான் பயப்பட வேண்டும். காய்ச்சல் இருந்ததா, எத்தனை வருடமாகப் பை போடுகிறீர்கள், எதையும் எழுதவில்லை. இன்றே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போங்கள். வேறு காரணம் தெரியும்வரை கலங்கிய பை என்றால் பெரிட்டோனைட்டிஸ்தான், அதாவது வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று. வலி இல்லாமலும் வரும். பையை அப்படியே மூடி எடுத்துப் போக வேண்டும். பை நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணு 100-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் அன்றே மருந்து தொடங்குவார்கள்.

பை நீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இன்னும் முக்கியம். தோலில் வாழும் கிருமி மட்டும் வந்தால் பை மாற்றும்போது கை பட்டிருக்கும். குடலில் வாழும் கிருமிகள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா, அப்பெண்டிக்ஸ் வெடித்திருக்கிறதா என்று தேடியாக வேண்டும். பையைக் கொட்டிவிட்டு மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால் அந்தத் துப்பு போய்விடும்.

பிரஷருக்கு லெர்கானிடிபின் தொடங்கிய பிறகு பை பால் மாதிரி வருகிறது. வேறு தொந்தரவு இல்லை. (கோவை)

அந்த மாத்திரைக்கு இந்தக் குணம் உண்டு. அணு எண்ணிக்கை சரியாக இருந்து, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் கூடியிருந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றுவார், பை தெளிந்துவிடும். சோதிக்காமல் நீங்களே முடிவு கட்ட வேண்டாம். இந்தப் பையையும் கொட்டாதீர்கள்.

அம்மாவுக்கு 7 வருடம் சி.ஏ.பி.டி. (கையால் பை மாற்றும் வயிற்று டயாலிசிஸ்). 8 மாதம் முன்பு ஹீமோவுக்கு (ரத்த டயாலிசிஸ்) மாற்றினார்கள். இப்போது இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது. வாந்தி. 9 கிலோ இளைத்துவிட்டார். 'கேஸ்' என்று மாத்திரை தருகிறார்கள். பழைய டயாலிசிஸுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? (தஞ்சாவூர்)

இருக்கலாம். இந்த வாரமே அம்மாவை நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக டாக்டர்) காட்டி வயிற்றுக்கு சி.டி. எடுங்கள்.

'கேஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நம் ஊரில் நெஞ்சு வலி கேஸ், பித்தப்பைக் கல் கேஸ், குடல் அடைப்பும் கேஸ். பாண்டப்ரசோல், ஓம வாட்டர், சோடா என்று மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. 9 கிலோ எடையைக் கேஸ் கொண்டுபோகாது.

நான் சந்தேகப்படுவது இ.பி.எஸ். (என்காப்சுலேட்டிங் பெரிட்டோனியல் ஸ்க்லீரோசிஸ்). பல வருடம் சர்க்கரை கலந்த டயாலிசிஸ் நீரில் ஊறிய வயிற்றுச் சவ்வு தடித்து, குடலைக் கூடு கட்டியதுபோல் இறுக்கிவிடும். நூற்றுக்குச் சில பேருக்குத்தான் வரும். ஆனால் 5 வருடத்துக்கு மேல் பை போட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. பலருக்கு இது பை போடுவதை நிறுத்திய பிறகோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகோதான் வெளிப்படுகிறது. அதனால்தான் யாரும் பழைய கதையைக் கேட்பதில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் "7 வருடம் வயிற்று டயாலிசிஸ் செய்தவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பை போட்ட கடைசி மாதங்களில் உடம்பிலிருந்து பைக்கு நீர் இறங்குவது குறைந்ததா, பையில் ரத்தச் சாயல் இருந்ததா என்றும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். சி.டி.யில் சவ்வில் சுண்ணாம்புப் படிவு, நடுவில் குவிந்த குடல், அங்கங்கே தேங்கிய நீர் தெரியும். வயிற்று டி.பி.யும் இதே படத்தைக் காட்டும். நம் நாட்டில் டி.பி. இல்லை என்று உறுதிசெய்யாமல் ஸ்டீராய்டு தொடங்குவது ஆபத்து. இ.பி.எஸ். என்று உறுதியானால் முதலில் சத்து ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாக. பிறகு ஸ்டீராய்டு, டமாக்சிஃபென். குடலைப் பிரித்தெடுக்கும் ஆபரேஷன் கை தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. இங்கிலாந்தில்கூட மான்செஸ்டர், கேம்பிரிட்ஜ் என்று இரண்டு மையங்களை அதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 5 வருடம் ஆனவர்கள் பயந்துபோய்ப் பையை நிறுத்த வேண்டாம். அப்படி ஒரு கெடு கிடையாது.

எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறது, குடலில் ஓட்டை என்கிறார்கள். எனக்கு வலியே இல்லை. (மதுரை)

பை மாற்றும்போது குழாய் வழியே காற்று உள்ளே போவதுண்டு. வலி இல்லை, பை தெளிவு என்றால் அவசரம் இல்லை. ஆனால் நெஃப்ராலஜிஸ்டும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும். வலியோ கலங்கலோ இருந்தால் உடனே சி.டி.

நாலு நாளாக மோஷன் இல்லை. பை மெதுவாக வடிகிறது. பொட்டாசியத்தைக் குறைக்கும் பவுடர் எடுக்கிறேன். (நெல்லை)

மலம் நிறைந்த குடல் கதீட்டரை (வயிற்றில் வைத்த குழாய்) தள்ளிவிடும். குடல் கிருமி சவ்வுக்குள் இறங்கவும் வழி. அந்தப் பவுடரே மலத்தைக் கட்டும். அரிதாகக் குடல் அழுகியதும் உண்டு. யூனிட்டில் சொல்லி லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி கேளுங்கள். மில்க் ஆஃப் மக்னீசியா, பாஸ்பேட் எனிமா இரண்டும் வேண்டாம். வயிறு உப்பி வாந்தி வந்தால் லாக்டுலோஸும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொலனாஸ்கோபிக்கு (பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பது) முன் பை போடலாமா? (திருச்சி)

வயிற்று நீரை முழுக்க வடித்துவிட்டுப் போங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவை, யூனிட்டில் கேளுங்கள்.

தொப்புளில் புடைப்பு. படுத்தால் உள்ளே போகிறது. (வேலூர்)

ஹெர்னியா. சர்ஜனைப் பாருங்கள். உள்ளே போகாமல் கல்லுபோல் இறுகி வலித்தால், நடு இரவானாலும் கேஷுவல்டி.